உத்தரவு கேட்டு நாலு நாள்

தை 10, வியாழன் (ஜனவரி 23, 2025): தண்டையார்பேட்டை – வெள்ளிவாயல்

தைப் பனி தரையைத் துளைக்கும் என்று சொல்லிக்கொண்டே அம்மா மப்ளரை எடுத்துக் கொடுத்தார். காலை ஐந்தரை மணி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தெருவிளக்கைச் சுற்றிப் பனி புகை மாதிரி நின்றது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு அக்கா தள்ளுவண்டியில் இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தார். நாலு இட்லி, மேலே வடகறி, நாற்பது ரூபாய். "வேலைக்கா தம்பி?" என்று கேட்டார். "வயல்ல எலி புடிக்கிறதைப் பார்க்கப் போறேன்க்கா" என்றேன். "எங்க ஊர்லயும் அறுப்பு முடிஞ்சா இருளருங்க வருவாங்க. நாங்களும் வாட்டித் தின்னுவோம்" என்றார். உத்திரமேரூர்ப் பக்கமாம்.

வெள்ளிவாயலில் மாமா ஒன்றரை ஏக்கரில் சம்பா வைத்திருக்கிறார். பாபட்லா பொன்னி ரகம். பொங்கலுக்குப் போனபோது வயலைக் காட்டினார். வரப்பில் நின்று பார்த்தால் பயிர் நன்றாகத்தான் தெரிந்தது. நடுவில் இறங்கிப் பார்த்தால் வட்டமாக மொட்டை. எலி ஓரத்தில் கை வைக்காது, நடுவிலிருந்துதான் வெட்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எலி பிடிக்க இருளர் பழங்குடியைச் சேர்ந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வியாழக்கிழமை வருவதாக மாமா சொன்னார். நானும் கூட வரலாமா என்று அந்த அண்ணனிடம் போனில் கேட்டேன். "வாங்க தம்பி. காலை மட்டும் பாத்து வைங்க" என்றார். இரண்டு நாள் லீவு, அப்புறம் சனி ஞாயிறு. அவர்கள் போகிற இடத்துக்கெல்லாம் போவதென்று முடிவு செய்துகொண்டேன்.

மணலியில் கன்டெய்னர் லாரிகள் இரண்டு வரிசையாக நின்றுவிட்டன. ஒன்றேகால் மணி நேரம் பஸ் ஒரு அடிகூட நகரவில்லை. நான் போய்ச் சேரும்போது எட்டே கால். அண்ணனும் அவர் வீட்டு அக்காவும் ஆறு மணிக்கே வந்து வண்டிப் பாதையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு எக்செல் வண்டி, குட்டைக் கடப்பாரை, மண்வெட்டி, இரண்டு கோணி, அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை போட்ட மண்பானை. மாமாவே போன் போட்டுக் கூப்பிட்டவர்கள். ஆனாலும் வயலில் கால் வைக்கவில்லை. "வெயில் ஏறுறதுக்குள்ள ஆரம்பிச்சிருக்கலாமே அண்ணே?" என்று கேட்டேன். "கூப்புட்டது போன்ல. உத்தரவு வயல்ல நின்னு குடுக்கணும்" என்றார்.

மாமா வந்தார். அண்ணன் எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். மாமாவைவிட அண்ணனுக்குப் பத்து வயதாவது கூட இருக்கும். மாமா "வாப்பா" என்றார், அண்ணன் "அய்யா" என்றார். அப்புறம் கேள்விகள் ஆரம்பித்தன.

"மருந்து வெச்சீங்களா அய்யா?"

"இல்லப்பா."

"பொரியில கலந்து உருண்டை கிருண்டை?"

"இல்லன்னேனே."

"வளைக்குள்ள மாத்திரை?"

"அதெல்லாம் வெக்கல."

"ராத்திரிக்குக் கரண்டு கம்பி இழுக்கறதுண்டா? பக்கத்து வயல்காரரு?"

மாமாவுக்கு முகம் சுருங்கியது. ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். எனக்குமே இது கொஞ்சம் அதிகம் என்று பட்டது. வயலுக்குச் சொந்தக்காரர் சரி என்றால் இறங்க வேண்டியதுதானே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்குச் சனிக்கிழமை வருத்தப்பட்டேன்.

வேலை ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிட்டது. அக்கா முன்னால் நடக்கிறார். வரப்பு முழுக்க ஓட்டைகள், என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். அக்கா ஒரு ஓட்டைக்குப் பக்கத்தில் கிடந்த மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தார். ஈரம். ராத்திரி தள்ளிய மண். எலி உள்ளேதான் இருக்கிறது. அடுத்த ஓட்டையில் சிலந்தி நூல் கட்டியிருந்தது, அதை விட்டுவிட்டார். ஒரு வளைக்கு மூன்று நாலு வாய் இருக்கும். அதில் ஒரு வாயை மெல்லிய மண்ணால் உள்ளேயிருந்தே மூடி வைத்திருக்கும், ஆபத்து என்றால் முட்டித் திறந்துகொண்டு ஓட. அக்கா பாதத்தால் தட்டித் தட்டி அதைக் கண்டுபிடித்து அதன்மேல் கோணியை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

அண்ணன் பானைக்குள் வைக்கோலும் வறட்டியும் திணித்துப் பற்றவைத்து, பானை வாயை வளை வாயில் கவிழ்த்து, சுற்றிலும் சேறு பூசினார். பிறகு தரையில் படுத்துப் பானையின் அடியில் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டையில் வாயை வைத்து ஊதினார். கன்னம் உப்பி உப்பி அடங்குகிறது, கண்ணில் நீர் வழிகிறது. இரண்டு நிமிடம் இருக்கும். கொஞ்சம் தள்ளி, நாங்கள் யாருமே பார்க்காத ஒரு விரிசலிலிருந்து புகை நூல் மாதிரி எழும்பியது. அக்கா எட்டி அதையும் அடைத்தார். அப்புறம் கடப்பாரை.

வளையைத் திறந்தபோது பார்த்ததை மறக்க முடியாது. முழங்கை ஆழத்தில் ஒரு அறை. அதற்குள் நெற்கதிர்கள் ஒரே பக்கம் தலை வைத்து அடுக்கியிருந்தன. காம்பெல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். அதற்குப் பக்கத்து அறையில் வைக்கோலைச் சீவிச் சீவி மெத்தை மாதிரி செய்து, அதில் கண் திறக்காத குட்டிகள் ஆறு. புகையில் மயங்கிக் கிடந்த பெரிய எலியை அக்கா கழுத்தில் பிடித்துத் தூக்கினார்.

பதினோரு மணிக்குள் இருபத்து மூன்று எலி. வால் கணக்கு, ஒரு வாலுக்கு நாற்பது ரூபாய். மாமா தொள்ளாயிரத்து இருபது ரூபாய் எண்ணிக் கொடுத்தார். வளைகளில் கிடைத்த நெல் நாலு படி தேறியது. அது பிடிக்கிறவர்களுக்கு என்பதுதான் வழக்கமாம். மாமா "பாதிய வெச்சிட்டுப் போ" என்றார். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் துண்டை விரித்துப் பாதி கொட்டினார். நான் அங்கேயே நின்றிருந்தேன், வாய் திறக்கவில்லை. ராத்திரி மாமா வீட்டுத் திண்ணையில் அந்த இரண்டு படி நெல்லைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். சரியாகத் தூக்கம் வரவில்லை.

தை 11, வெள்ளி (ஜனவரி 24): நாப்பாளையம், இடையஞ்சாவடி

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நெல் விளைகிறது என்றால் என் அலுவலகத்தில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். 2011-இல் எல்லையை விரித்தபோது இடையஞ்சாவடி, கடப்பாக்கம் எல்லாம் மணலி மண்டலத்துக்குள் வந்துவிட்டன. கொசஸ்தலை ஆற்றை ஒட்டி இன்னும் வயல் இருக்கிறது. வரப்பில் நின்று கிழக்கே பார்த்தால் வட சென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். காலைப் பனியில் அவற்றின் அடிப்பாகம் மறைந்து, நுனி மட்டும் ஆகாயத்தில் நின்றது.

முதல் வீடு ஒரு பாட்டி. தனியாக இருக்கிறார், முக்கால் ஏக்கர். அண்ணனைப் பார்த்ததும் திண்ணையைக் காட்டி "உக்காரு" என்றார். அண்ணன் தயங்கினார். "உக்காருடா, கழுத்து வலிக்குது அண்ணாந்து பாக்க" என்று அதட்டியதும் உட்கார்ந்தார். எங்கள் மூவருக்கும் சொம்பில் கேழ்வரகுக் கூழ், உப்பில் ஊறிய மிளகாய். அண்ணன் வழக்கமான கேள்வியைக் கேட்க வாயெடுக்கும் முன்பே பாட்டி சொன்னார்: "மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால ரெண்டு உருண்டை வெச்சேன், மார்கழி கடைசியில. அந்தப் பக்கம் போகாத. வயல்ல ஒண்ணும் இல்ல. வரப்ப வெட்டினா மிதிச்சு மூடிட்டுப் போ, தண்ணி நிக்காது." இவ்வளவுதான். அரை நிமிடத்தில் முடிந்தது. நாலு நாளில் நான் கேட்ட உத்தரவுகளிலேயே முழுமையானது அதுதான்.

அடுத்த வயலில் சிக்கல். பயிர் வைத்திருப்பவர் குத்தகைக்காரர், நிலம் அண்ணா நகரில் இருப்பவருடையது. யாரிடம் கேட்பது? "சேத்துல நிக்கிறவரை மொதல்ல கேக்கணும். அப்புறம் பட்டா யாரு பேர்ல இருக்கோ அவரை. ஒருத்தர்கிட்ட மட்டும் கேட்டா இன்னொருத்தர் திருடன்னுவாரு" என்றார் அண்ணன். அப்படி ஒருமுறை அவரை ஒரு பகல் முழுக்கக் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து, வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்களாம். பத்து வருடத்துக்கு முந்திய கதை. சொல்லும்போது குரல் மாறவில்லை, ஆனால் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

குத்தகைக்காரர் சரி என்றார். அவரே உரிமையாளருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "எலிதானே, தாராளமா. அப்படியே ரெண்டு முயல் கெடைச்சா சொல்லச் சொல்லு. ஆயிரம் ரூபாய் தர்றேன்" என்றது குரல். அண்ணன் போனுக்குக் குனிந்து, "அய்யா, முயலுக்கு நீங்க உத்தரவு குடுக்க முடியாதுங்க" என்றார். "என் நிலம்தானேப்பா?" "நிலம் உங்களுதுங்க. முயலு உங்களுது இல்லீங்க." போன் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் "சரி சரி, எலியையே புடிங்க" என்று வைத்துவிட்டார்.

அண்ணன் சொன்னது சட்டப்படி அப்படியே சரி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. காடா, பட்டா நிலமா என்ற பேச்சே அதில் இல்லை. முயல், உடும்பு, மயில் எல்லாம் யார் வயலில் நின்றாலும் பாதுகாக்கப்பட்டவைதான். எலி, சுண்டெலி, காகம், பழந்தின்னி வௌவால் இந்த நாலை மட்டும்தான் அந்தச் சட்டம் தீங்குயிர் என்று ஐந்தாம் அட்டவணையில் தனியாக வைத்திருந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது அந்த அட்டவணையே போய்விட்டது. வேறு சில நாடுகளில் உரிமம் இருந்து, நிலத்துக்காரரும் சரி என்றால் துப்பாக்கியோடு மான் வேட்டைக்கு இறங்கலாம். இங்கே நிலத்துக்காரரால் கொடுக்க முடிந்தது தன் வரப்பை வெட்டும் உத்தரவு மட்டும்தான். பள்ளிக்கூடம் போகாத அண்ணனுக்கு இது தெரிந்திருக்கிறது. கல்லூரியில் படித்த எனக்குத் தெரியாது.

அந்த வயலின் மூன்றாவது வளையில் எலி இல்லை. சாரைப்பாம்பு இருந்தது. அண்ணன் வாலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டதும் குத்தகைக்காரர் மண்வெட்டியை ஓங்கிவிட்டார். அக்கா குறுக்கே கையை நீட்டினார். "அது எங்களைவிட நல்லா எலி புடிக்கும் அய்யா. அதுக்கு வால் காசும் குடுக்க வேணாம்." பாம்பு ஆற்றுப் பக்கம் போய் மறைந்தது.

பாம்பு பிடிக்க இவர்களுக்கு உரிமம் இல்லை. அது மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தாருக்கு உண்டு. 1978-இல் தொடங்கிய சங்கம். வனத்துறை அனுமதியோடு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடித்து, விஷம் எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் மூலப்பொருள். 2023-இல் இருளர் பாம்பு பிடிப்பவர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தபோது, அந்தப் படத்தைப் பேப்பரிலிருந்து கத்தரித்து அண்ணன் வீட்டில் ஒட்டியிருக்கிறார்கள்.

மதியம் ஆற்றங்கரையில் சாப்பாடு. அக்கா வைக்கோல் தீயில் எலியின் முடியைப் பொசுக்கி, வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்து, உப்பும் மஞ்சளும் தடவி மறுபடி வாட்டினார். வயலில் நெல் தின்று வளர்ந்த எலிதான் சாப்பாட்டுக்கு, வீட்டு எலி ஆகாது. எனக்கு ஒரு தொடை வந்தது. காடைக் கறி மாதிரி இருந்தது, எலும்பு மெல்லிசு. இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றேன்.

தை 12, சனி (ஜனவரி 25): மீஞ்சூர்

காலையில் மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கத்தில் டீ பன்னிரண்டு ரூபாய், மசால் வடை எட்டு. போகும் வழியில் அண்ணன் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். செங்குன்றம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் அட்வான்ஸ் வாங்கியவர். நெல் அவிக்கிற களத்துக்கு ஓரத்திலேயே குடிசை. அண்ணன் பிறந்தது அங்கேதான். "பொங்கலுக்கு ஊருக்குப் போகணும்னா உத்தரவு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா உத்தரவு. எங்கப்பா அறுபது வயசு வரைக்கும் வெளிய போறதுக்குத்தான் உத்தரவு கேட்டாரு. நான் உள்ள வர்றதுக்குக் கேக்கறேன். இது எவ்வளவோ தேவலை." கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976-இல். அண்ணன் குடும்பம் ஆலையை விட்டு வெளியே வந்தது அதற்கு இருபது வருடத்துக்கும் பின்னால்.

இன்றைக்கு வயல் பெரியது, நாலு ஏக்கர், அறுப்பு முடிந்து தாளடி நிற்கிறது. உரிமையாளர் பைக்கில் வந்தார், இறங்கவில்லை. அண்ணன் கேட்ட ஐந்து கேள்விக்கும் சேர்த்து ஒரே பதில்: "ஒண்ணும் இல்ல, போய் புடி." அண்ணன் மறுபடி கேட்டார். "நம்பிக்கை இல்லன்னா கெளம்பு" என்றார் அவர். ஏற்கெனவே எட்டு மணி. இன்னொரு வயல் தேடிப் போக நேரமில்லை. இறங்கினோம்.

முதல் மூன்று வளையில் முப்பத்தொரு எலி. நல்ல நாள் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். நாலாவது வளை தென்கிழக்கு மூலையில். அண்ணன் வாயை விரித்துப் பானையை வைக்கக் குனிந்தார். அக்கா அவர் தோள் துண்டைப் பிடித்து ஒரே இழுப்பில் பின்னால் தள்ளினார். அண்ணன் மல்லாந்து விழுந்தார், பானை உருண்டு உடைந்தது.

"பூண்டு" என்றார் அக்கா.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கொஞ்சம் கிட்டே போனதும் மூக்கில் ஏறியது, அழுகிய பூண்டு மாதிரி. அக்கா ஒரு குச்சியால் தள்ளி நின்றே கிளறினார். வளை வாயிலிருந்து ஒரு ஜாண் உள்ளே சாம்பல் நிறத்தில் பொடி. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. மண்ணின் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் வாயுவாக மாறும். அந்த வாயுவுக்கு மாற்று மருந்து கிடையாது. எலிக்கு வைக்கிற சாம்பல் பொடியான சிங்க் பாஸ்பைடும் வயிற்றுக்குள் போய் அதே வாயுவைத்தான் விடுகிறது. அந்த வளையில்தான் அண்ணன் படுத்து, முகத்தை ஒட்டி வைத்து, மூச்சை இழுத்து இழுத்து ஊதியிருப்பார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அக்கா வரப்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் சேற்றில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அண்ணன் உடைந்த பானையின் ஓடுகளைப் பொறுக்கி ஒரு பக்கம் வைத்தார். எனக்குக் கை நடுங்கியது. மாமாவிடம் இவர் நாலு விதமாகக் கேட்டபோது எரிச்சல்பட்டேனே, அந்த ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் இப்படி ஒரு வளை இருந்திருக்கிறது. உத்தரவு என்றால் சரி என்று தலையாட்டுவது மட்டும் என்று நினைத்திருந்தேன். தன் மண்ணுக்குள் என்ன ஒளித்து வைத்திருக்கிறோம் என்பதை நிலத்துக்காரர் மறைக்காமல் சொல்வதுதான் அதில் பெரிய பங்கு. கேட்கிறவருக்கு அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு பாதுகாப்பு எதுவும் இல்லை. அவர் பொய் சொன்னால் உயிர் போவது கேட்டவருக்குத்தான்.

பிடித்த முப்பத்தொரு எலியையும் சாப்பிட முடியாது. எது எந்த வளைக்குள் போய் வந்ததோ. அக்கா வால்களை மட்டும் வெட்டி வைத்துவிட்டு, முழங்கால் ஆழம் குழி தோண்டிப் புதைத்தார். வளை நெல்லையும் அதே குழியில் கொட்டினார். ஆறு படியாவது இருக்கும். வயிறு நிறைய வேண்டிய நெல் மண்ணுக்குள் போவதைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொண்டேன்.

உரிமையாளர் மதியம் வந்தார். அக்கா வால்களை வரப்பில் வரிசையாக வைத்திருந்தார். "மருந்து இருக்குதே அய்யா" என்றார் அண்ணன். "எனக்குத் தெரியாது. பையன் வெச்சிருப்பான்." அவ்வளவுதான் பதில். முப்பத்தொரு வாலுக்கு ஆயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய் வர வேண்டும். ஐந்நூறு கொடுத்தார். நான் பேசப் போனேன், அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கும் இந்த வழியாத்தான் தம்பி போகணும்" என்றார். அக்கா மட்டும் கிளம்பும்போது திரும்பி, "உங்க பேரப்புள்ளைங்க இந்த மூலையில வெளையாட வருமா அய்யா?" என்று கேட்டார். அவர் பைக்கை அணைத்துவிட்டு இறங்கி அந்த மூலையைப் பார்த்தார். அவர் வயலில் கால் வைத்ததை அப்போதுதான் பார்த்தேன். அறுப்புக்குக்கூட மெஷின்காரரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்று அக்கா சொன்னார்.

புதுப் பானை மீஞ்சூரில் நூற்றைம்பது ரூபாய். நான் வாங்கிக் கொடுத்தேன். அடியில் ஓட்டை போடுவது தனி வேலை. அண்ணன் ஆணியை வைத்துக் கல்லால் தட்டாமல், தண்ணீரில் ஊறவைத்த பானையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திருகி ஓட்டை போட்டார். முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு கீறல் விழவில்லை.

தை 13, ஞாயிறு (ஜனவரி 26): வெளிவட்டச் சாலை, ஆறு, மறுபடி வெள்ளிவாயல்

பள்ளிக்கூடங்களில் கொடி ஏற்றும் பாட்டு கேட்டது. ஒரு கடையில் வழியில் போன எங்களுக்கும் கூப்பிட்டு மிட்டாய் கொடுத்தார்கள்.

வண்டலூரிலிருந்து 62 கிலோமீட்டர் ஓடிவரும் வெளிவட்டச் சாலை மீஞ்சூரில் வந்து முடிகிறது. அதை ஒட்டிய வயல்களில் பாதி இப்போது மனை. அண்ணன் வருடா வருடம் வந்த ஒரு இடத்துக்குப் போனோம். வரப்புகள் அப்படியே இருக்கின்றன, நடுநடுவே மஞ்சள் பெயின்ட் அடித்த கல். வரப்பு நிறையப் புது மண் தள்ளிய வளைகள். அக்கா எண்ணிப் பார்த்து நாற்பதுக்குக் குறையாது என்றார். கேட்கத்தான் ஆள் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த காவல்காரப் பெரியவர் ஒடிசாவிலிருந்து வந்தவர். பலகையில் இருந்த எண்ணைக் காட்டினார். நான் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார், மரியாதையாகத்தான் பேசினார். இந்த மாதிரி அனுமதி கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, மேலே கேட்க வேண்டும், மேலே யார் என்று தனக்கே தெரியாது என்றார்.

"முன்னாடி இங்க இருந்தவரு வரப்புல நின்னுக்கிட்டு வையுவாரு. ஆனா வருவாரு" என்றார் அண்ணன். நாற்பது வளையையும் விட்டுவிட்டுத் திரும்பினோம். காவல்காரர் உள்ளே போகச் சொல்லி ஜாடை காட்டினார், யார் பார்க்கப்போகிறார்கள் என்பது போல. அண்ணன் கும்பிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மதியம் அக்கா ஆற்றில் இறங்கினார். பனை ஓலையில் பின்னிய பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தரையைத் தடவித் தடவி இறால் எடுக்கிறார். வலை போடுகிறவர்களுக்குப் பாடு முறை உண்டு, யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று. கையால் தடவுகிறவர்களுக்கு அது கிடையாது. "தண்ணிகிட்ட உத்தரவு கேக்கத் தேவையில்ல" என்றார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் படிந்தபோது மட்டும் பல மாதம் இறங்கவில்லையாம். உடம்பெல்லாம் அரிப்பு. இன்றைக்கு ஒன்றரை மணி நேரத்தில் கால் கிலோ இறால்.

மாலையில் பையை எடுக்க மாமா வீட்டுக்குப் போனேன். நேற்று நடந்ததைச் சொன்னேன். மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மோட்டார் கொட்டகைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் பாக்கெட். "கார்த்திகையில வாங்கினேன். வெக்கல."

"அண்ணன் அத்தனை தடவை கேட்டாரே மாமா."

"வெக்கலன்னுதானே சொன்னேன்." அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "அடுத்த பட்டம் நவரைக்கும் வருவாங்களான்னு கேளு" என்றார்.

போன் போட்டேன். அண்ணன் எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி எனக்குத் தெரிந்ததுதான். நான் பதில் சொல்லவில்லை. போனை மாமாவிடம் நீட்டினேன். மாமா என்னைப் பார்த்தார், கையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்தார்.

"ஒரு பாக்கெட்டு இருக்குங்க" என்றார். வாங்க போங்க என்று மாமா அண்ணனிடம் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். "பிரிக்கல. கொட்டகையில வெச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஆற்றுக் காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

"பிரிக்காதீங்க அய்யா. பங்குனியில வர்றோம்."